கேட் வரைக்கும் சிக்னல்

அக்டோபர் 16, புதன்

நேற்று மாலை விழுந்த இடியில் ரௌட்டர் கருகிவிட்டது. பின்பக்கம் மூக்கை வைத்தால் எரிந்த பிளாஸ்டிக் வாடை. கேபிள்காரர் பாண்டி வந்து புரட்டிப் பார்த்துவிட்டு, "மூச்சு நின்னு போச்சு சார். புதுசு வாங்கிருங்க" என்றார். தெருவில் நாலு வீட்டில் டிவி, மோட்டார் எல்லாம் போயிருக்கிறதாம். நமக்கு இதோடு போயிற்றே என்று சந்தோஷப்பட வேண்டுமாம். பாண்டியின் ஆறுதல் எப்போதுமே இந்த லட்சணம்தான்.

நெட் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் குடி முழுகாது. முப்பத்தொரு வருஷம் சங்கிலி இழுத்து நிலம் அளந்த சர்வேயர் நான். என் மனைவி செண்பகத்துக்குத்தான் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. அவள் போனில் பேசுவதற்கு மட்டும்தான் ரீசார்ஜ். வாட்ஸ்அப் எல்லாம் வீட்டு வைஃபையில்தான். தினமும் காபி போடுமுன் மகன் சைலுவுக்கு ஒரு வரி அனுப்புவாள். "சாப்பிட்டியா." "மழை வருது, நனையாத." நாற்பத்து நாலு நாளாக எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். இவள் அனுப்பியாயிற்று, அவன் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சேராத இடத்துக்கு எதற்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேன். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் கேட்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

எழுதி வைப்பது நல்லது. எஸ்.ஐ. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கேட்கிறார்.

சிவசைலம், வயது இருபத்து நாலு, எங்கள் ஒரே மகன். ஆகஸ்ட் 31 காலையில் எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம். பையை எடுத்துக்கொண்டு தூத்துக்குடியில் இருக்கும் சிநேகிதன் வீட்டுக்குப் போனான். இதற்கு முன்னும் இரண்டு முறை அப்படிப் போய்த் திரும்பியிருக்கிறான். செப்டம்பர் 2 மதியம், "வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சிநேகிதன் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறான். வீட்டுக்கு வரவில்லை. போன் அன்று மாலையிலிருந்து அணைந்து கிடக்கிறது. கடைசியாகப் பிடித்த டவர் எங்கள் ஏரியாவில் இருக்கிறது. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கும் அதே டவர்தானாம். ஆகவே பஸ் மாறி எங்கோ போயிருக்கிறான் என்பது போலீஸின் முடிவு.

வாக்குவாதம் எதைப் பற்றி என்றும் கேட்கிறார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வேலை இல்லாமல் பகலெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தத் தகப்பனும் கேட்பான். மாதாமாதம் அவன் போனுக்கு நான் போடும் ரீசார்ஜை நிறுத்தியிருந்தேன், அவ்வளவுதான். வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே.

அக்டோபர் 18, வெள்ளி

செண்பகம் இன்று சொன்னது:

"ஏங்க, புதுசு வாங்கும்போது பழைய பேரே வைக்கச் சொல்லுங்க. பாஸ்வேர்டும் பழசுதான். மாத்திராதிய."

"எதுக்கு?"

"அவன் போன் இந்தத் தெருவுக்குள்ள வந்தா தானா பிடிச்சுக்கிடும்லா? அவந்தான் சொல்லுவான், கேட்டுக்கு வந்ததுமே பிடிச்சிரும்னு. நம்மள பாக்காம போனாக்கூட, வந்தான்னாவது தெரியும்லா."

யோசித்துப் பார்த்தால் தப்பில்லாத கணக்கு. ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. பேரை அப்படியே வைப்பது சுலபம். 'சைலு ஹோம்' என்று அவன் வைத்த பேர்தான். பாஸ்வேர்டு விஷயம் வேறு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் டேப் எடுத்துக்கொண்டு அளந்தேன். ரௌட்டர் இருந்த ஹால் மூலையிலிருந்து வாசல்படி ஏழு மீட்டர், கேட் பதினாறு, தெருமுனைப் பால் பூத் நாற்பத்தெட்டு. நடுவில் ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு. குறித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பியூலா டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டேன். இதோடு மூன்றாவது தடவை. போன வருஷம் எங்கள் வைஃபையைக் கேட்காமல் கொள்ளாமல் உபயோகித்தவர். சைலு பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். நான் நேரிலேயே நறுக்கென்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. செண்பகத்துக்கும் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 19, சனி

வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை. முகைதீன் என்று ஒருவர், பொறுமைசாலி.

"வீட்டுல எத்தனை ரூம் சார்?"

"ரெண்டு."

"எத்தனை பேரு?"

"மூணு" என்றேன். பிறகு, "மூணுன்னே வச்சுக்கிடுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஒரு ஆன்டெனா, நாலு ஆன்டெனா, ஆறு ஆன்டெனா என்று வரிசையாக எடுத்து வைத்தார். கவிழ்ந்து கிடக்கும் பெரிய கரப்பான் பூச்சி மாதிரி ஒன்று இருந்தது. அதுதான் இருப்பதிலேயே உசத்தியாம். எல்லாவற்றிலும் இரண்டு அலை இருக்கிறது. ஐந்து என்பது வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் நின்றுவிடும். இரண்டு புள்ளி நாலு என்பது மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டித் தூரமாகப் போகும்.

"எனக்கு வேகம் வேண்டாம். தூரம் போகணும்."

"எந்த ரூமுக்கு சார் வரமாட்டேங்குது?"

"ரூமுக்கு இல்ல. தெருவுக்கு. பால் பூத் வரைக்கும் போனா நல்லது."

முகைதீன் சிரித்துவிட்டார். "வாரவங்க எல்லாரும் வெளிய போகாம என்ன செய்யன்னு கேப்பாங்க. நீங்க வெளிய அனுப்பணுங்கிறீங்களே சார். கேமராவுக்கா?"

ஆமாம் என்றேன். கேமரா என்றால் யாரும் மேலே கேட்பதில்லை.

யார் யார் போன் இதில் இணைந்திருக்கிறது என்று பேரோடு பட்டியல் காட்ட வேண்டும், புதிதாக ஒன்று வந்தால் சத்தம் கொடுக்க வேண்டும் என்றேன். அந்த வசதி நாலு ஆன்டெனாவில் இருந்தது. அதையே வாங்கினேன். மேற்கொண்டு ஒரு சின்னப் பெட்டியைத் தெருப் பக்கச் சுவரில் மாட்டினால் இன்னும் தூரம் போகும் என்றார். முதலில் இது கேட்டைத் தொடட்டும்.

அக்டோபர் 21, திங்கள்

பாண்டி வந்து மாட்டினார். ஹால் மூலையில் வேண்டாம், தெருப் பக்க ஜன்னல் திண்டில் வையுங்கள் என்றேன். "அப்போ பெட்ரூம்ல வராது சார்" என்றார். வர வேண்டாம்.

பேர் 'சைலு ஹோம்' என்று வைத்தாயிற்று. செண்பகம் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, பழைய பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எனக்கெப்படி சார் தெரியும்? அன்னைக்கு நீங்க மாத்தச் சொன்னிய, புதுச அடிச்சேன். பழச பாக்கவே இல்லையே."

மெதுவாகப் பேசச் சொன்னேன்.

ஆம், பாஸ்வேர்டை மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் திருட்டுத்தனமாக இன்னும் உபயோகிக்கிறார் என்று சந்தேகம் வந்ததால் மாற்றினேன். என் வீட்டு வைஃபை, என் உரிமை. செண்பகத்தின் போனிலும் பாண்டியே புதியதை அடித்துவிட்டதால் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அப்போது இல்லை.

இப்போதைக்குப் புதியதையே போடச் சொன்னேன். பட்டியலில் இரண்டு பேர்: என் போன், செண்பகம் போன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"மூணாவது வந்தா சத்தம் குடுக்குமா?"

"குடுக்கும்."

"பாஸ்வேர்டு அதேதானே?"

"அதேதான்."

அக்டோபர் 22, செவ்வாய்

கேட்டில் மூன்று கோடு. பால் பூத்தில் ஒன்று, சில சமயம் ஒன்றும் இல்லை. செண்பகம் பதினொரு தடவை பட்டியலைப் பார்த்தாள்.

அக்டோபர் 23, புதன்

பழைய பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அவன் பிறந்த தேதி. பைக் நம்பர். அம்மா பேர். குலதெய்வத்தின் பேர். இருபத்தாறு எழுதினேன். சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. பழைய ரௌட்டர் உயிரோடு இருந்தாலும் அதற்கே தெரியாது. வேலியை யார் வேண்டுமானாலும் தள்ளிப் போடலாம், எல்லைக்கல் இருந்தால் அளந்து பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுவேன். இங்கே கல்லைப் பிடுங்கிப் போட்டவனே நான்தான்.

அவனோடு ஒரே வீட்டில் இருபத்து நாலு வருஷம். ஒரு வார்த்தையை யூகிக்க முடியவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

முகைதீன் கடைக்குப் போனேன். பழைய பாஸ்வேர்டு எங்கேயாவது தேங்கியிருக்குமா என்றேன். "முன்னாடி அதுல கனெக்ட் பண்ணுன ஏதாவது போன், டேப்லட் இருந்தா அதுல சேவ் ஆகியிருக்கும் சார். உங்க வீட்டுக்கு வந்துபோற சொந்தக்காரங்க யாராவது?"

எங்கள் வீட்டுக்கு யாரும் வந்துபோவதில்லை. எங்கள் பாஸ்வேர்டு இருந்த ஒரே வெளி வீடு எது என்று அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 26, சனி

போனேன்.

வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பியூலா டீச்சர் கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"உங்க டேப்லட்டுல எங்க பழைய வைஃபை பாஸ்வேர்டு இருக்குமா?" என்றேன். வணக்கம், நலமா ஒன்றும் கிடையாது. எனக்கு அப்படித்தான் வந்தது.

அவர் முகம் வெளிறிவிட்டது. "அண்ணாச்சி, நீங்க சொன்ன பிறகு நாங்க..."

"அதுக்கில்ல. எனக்கு அது வேணும். சைலு போன் தெருவுக்கு வந்தா தானா பிடிக்கணும். பழைய பாஸ்வேர்டு இருந்தாத்தான் பிடிக்கும். செண்பகம் அந்த ஒண்ணத்தான் நம்பிக்கிட்டு இருக்கா."

டீச்சர் அப்படியே நின்றார். கண்ணில் நீர் கோத்துவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு உள்ளே போய் டேப்லட்டை எடுத்து வந்து தட்டித் தட்டிப் பார்த்தார். "இருக்கு அண்ணாச்சி. நீங்களே பாருங்க. எனக்கு வாசிக்கச் சங்கடமா இருக்கு" என்று என் பக்கம் திருப்பினார்.

பாஸ்வேர்டு, இங்கிலீஷ் எழுத்தில்: அப்பாதூங்கியாச்சு123.

சட்டென்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு, அதுவும் பகையாளி வீட்டு வாசலில். சைலுவிடம் அந்தக் குசும்பு உண்டு. நான் தூங்கின பிறகு தாயும் மகனும் ஹாலில் உட்கார்ந்து ஏதாவது பார்த்துச் சிரிப்பார்கள். தூங்குவது போலப் படுத்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன். எழுந்து போய் உட்கார்ந்திருக்கலாம்.

கிளம்பும்போது டீச்சர், "அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்றார். திரும்பினேன். "ஒண்ணுமில்ல. அக்காவ கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

வந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். செண்பகம் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் போனிலும் அடித்துவிட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

21ஆம் தேதி எழுதியது முழு உண்மை இல்லை.

பாஸ்வேர்டை மாற்றியது பக்கத்து வீட்டுக்காக அல்ல. செப்டம்பர் 2, திங்கள், மதியம் மூன்று மணிக்குப் பாண்டியை வரவழைத்து மாற்றினேன். சைலு எப்படியும் ஒன்றிரண்டு நாளில் வருவான். வந்ததும் சோறு கேட்க மாட்டான், வைஃபையைத்தான் தேடுவான். அது கிடைக்காது. என் முன்னால் வந்து நின்று, "அப்பா, பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்க வேண்டும். நான் உடனே சொல்லியிருப்பேன். ஒரு தடவை கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் திட்டம்.

பாஸ்வேர்டுக்காக யாரும் வீட்டை விட்டுப் போக மாட்டார்கள். தவிரவும், அவன்தான் வீட்டுக்கே வரவில்லையே.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. குளித்தோம். இரண்டு பேர் பட்டியலில்.

நவம்பர் 2, சனி

காலையிலிருந்து மழை. மின்னல் வெட்டும்போதெல்லாம் செண்பகம் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குகிறாள். சத்தம் நின்றதும் ஓடிப்போய்ச் சொருகுகிறாள். அந்த ஐந்து நிமிஷத்தில் அவன் தெருவைத் தாண்டிப் போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறாள். நான் போய் வாசலில் குடையோடு நிற்கட்டுமா என்றேன், விளையாட்டாக. நில்லுங்க என்றாள். நின்றேன்.

நவம்பர் 3, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரை மணி இருக்கும். செண்பகம் அடுப்படியில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் பேப்பர். என் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால், புதிய இணைப்பு: சைலு போன்.

செண்பகத்தைக் கூப்பிட எழுந்தேன். அதற்குள் அடுப்படியில் அவள் போனும் சத்தம் கொடுத்தது. அடுத்த நொடி "ஐயோ!" என்று ஒரு குரல். கரண்டி விழுந்தது. போனும் கையுமாக ஹாலைத் தாண்டி ஓடினாள். ஓடிக்கொண்டே என்னிடம் போனை நீட்டிக் காட்டினாள். சைலு பேரில் ஒரு மெசேஜ்:

"அம்மா நான் கேட்ல நிக்கேன். பசிக்கும்மா. அப்பாக்குத் தெரியாம வா."

"நீங்க வராதிய! உங்களப் பாத்தா போயிருவான்!" என்று கத்திவிட்டு வாசலைத் தாண்டினாள்.

நான் போகவில்லை. கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். வந்துவிட்டான், வந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டேன். வயிறார முதலில் சாப்பிடட்டும், ரெண்டு நாள் கழித்துக்கூட நான் அவன் முன்னால் போகிறேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்றெல்லாம் நினைத்தேன். அவள் "ஐயா, சைலு" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடுவது கேட்டது. கேட் திறந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எட்டிப் பார்த்தேன். கேட்டில் பியூலா டீச்சர் நின்றிருந்தார், சர்ச்சுக்குப் போன வெள்ளைச் சேலையோடு. அவர் கையில் சைலுவின் போன். செண்பகம் அவருக்குப் பின்னால், தெருவில், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவன் இல்ல அக்கா. போன் மட்டுந்தான்" என்று டீச்சர் அழுதார்.

செப்டம்பர் 2 சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் எங்கள் கேட்டில் நின்றிருக்கிறான். போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறான். டீச்சர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார்.

"உள்ள வான்னேன், வரல. நான் வேணா அம்மாவுக்கு போன் போடட்டுமான்னேன், வேண்டாம்னுட்டான். 'பாஸ்வேர்டை மாத்திட்டாங்க டீச்சர். எனக்குன்னே மாத்திருக்காங்க. அம்மாவுக்கும் தெரிஞ்சுதான இருக்கும்'னான். 'இனி இது எனக்கு எதுக்கு, லாக்கை எடுத்துட்டேன், அம்மாட்ட மட்டும் குடுங்க, அப்பா கையில வேண்டாம்'னு சொல்லிட்டுப் போயிட்டான். நாளைக்கே வந்துருவான்னு நெனச்சேன் அக்கா. மூணு தடவ சொல்ல வந்தேன், அண்ணாச்சி கதவச் சாத்திட்டாங்க. பெறவு போலீஸ் வந்து தெருவுல விசாரிச்சதும் பயந்துட்டேன். நாளாக ஆக எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அன்னைக்கு அண்ணாச்சி வந்து பாஸ்வேர்டு கேட்டதும், என் பீரோவுல கெடக்கற போனுக்காக இவங்க காத்துக்கிட்டு இருக்காங்களேன்னு... ஒரு வாரமா தூக்கமில்ல அக்கா. இன்னைக்குத்தான் சார்ஜ் போட்டு எடுத்துட்டு வந்து, இங்க நின்னு ஆன் பண்ணுனேன். நான் எதையும் தெறந்து பாக்கல."

அன்று அனுப்ப முடியாமல் போனுக்குள்ளேயே நின்றுபோன மெசேஜ், இன்று வைஃபை பிடித்ததும் தானே கிளம்பி வந்திருக்கிறது.

செண்பகம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பாஸ்வேர்டை மாத்துனியளா?"

நான் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஆரம்பித்தேன். டீச்சர் எதிரிலேயே நின்றிருந்தார். செண்பகம் போனை வாங்கி முந்தானையில் துடைத்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். குழம்பு அடிப்பிடித்திருந்தது.

நவம்பர் 4, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போய் விவரம் சொன்னேன். எஸ்.ஐ. நல்ல மனுஷர். "போன் கையில இருந்தாலாவது என்னைக்காவது ஆன் பண்ணுவான், பிடிச்சிரலாம்னு இருந்தோம் சார். இனிமே அவனா வந்தாத்தான்" என்றார்.

செண்பகம் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள். காலையில் காபிக்கு முன்னால் போனை எடுக்கவில்லை. அந்த நேரத்துக்கு எழுந்து சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அவள் குளிக்கப் போனபோது சைலுவின் போனைத் திறந்து பார்த்தேன். என் கையில் கொடுக்க வேண்டாம் என்று சொன்ன போன். அம்மா என்ற பேரில் வரிசையாக இருந்தது. போன மாதத்துச் "சாப்பிட்டியா"க்கள் எல்லாம் நேற்று ஒரே மூச்சில் வந்து குவிந்திருக்கின்றன. அவற்றுக்கு மேலே, செப்டம்பர் 2 மாலை 6.52 என்ற நேரத்தோடு, கேட்டில் நிற்பதாக அவன் எழுதிய வரி. அந்த நேரம் நான் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் அவள் அனுப்பிய பதில் இருந்தது. நேற்று காலை 10.34. கேட்டுக்கு ஓடிக்கொண்டே அடித்திருக்கிறாள்.

"வாரேன்யா. போயிராத."